இருபது கிலோவுக்குக் கீழே

எண்ணூர் விரைவுச் சாலையில்
கன்டெய்னர்கள் நகராத மாலைகளில்
எடைமேடைச் சாவடியின் ஒற்றை ஃபேனுக்கு அடியில்
நான் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருப்பேன்.

ரசீதுக் கட்டுக்குள் சொருகிய மாத நாவல்.
அட்டையில் ஒரு சிவப்புச் சேலை, ஒரு துப்பாக்கி.
கதையில் இரண்டுமே வராது.
பதின்மூன்று வருடமாய் வாங்குகிறேன்,
ஒருமுறைகூட வந்ததில்லை.
பழுப்புத் தாள், விரலில் ஒட்டும் மை.
அந்த விரலால் சீட்டு கிழித்துக் கொடுத்தால்
டிரைவர்களுக்குத் தெரிந்துவிடும்,
பிலோமி அக்கா இன்றைக்குப் புதுசு வாங்கியிருக்கு.

கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் வாசலில்
கடைக்கார செல்லப்பாண்டி எனக்கென்று எடுத்து வைப்பார்.
நாப்கின் சுற்றித் தருகிற அதே கவனத்தோடு
செய்தித்தாளில் சுற்றித் தருவார்.
நானும் அப்படித்தான் வாங்கிக்கொள்வேன்,
அக்கம்பக்கம் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேறொருத்தி.
வியாசர்பாடியில் ஒரு டியூஷன் சென்டர் மாடி,
வாசகர் வட்டம்,
பதினோரு பேர், பன்னிரண்டு டீ.
இந்த முறை எழுநூற்று நாற்பது பக்கம்.
நாற்பதாம் பக்கத்தில் ஒருவன் கிணற்றை எட்டிப் பார்த்தான்.
தொண்ணூறிலும் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.
"கனமான படைப்பு" என்றார் திருநாவலன் சார்.
எல்லோரும் தலையாட்டினோம்.
நான் கொஞ்சம் கூடுதலாக.

கனம் பார்ப்பதுதானே என் பிழைப்பு.
நேற்று ஒன்பதரைக்கு, வரிசை ஓய்ந்ததும்
இரண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
அறுபது டன் தாங்கும் இரும்புப் பலகையின் நடுவே
முதலில் அந்தத் தலையணையை வைத்தேன்.
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
எடுத்துவிட்டு நாவலை வைத்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும்
இதற்கு உறைக்காது என்று
மாட்ட வந்தவன் முதல் நாளே சொல்லியிருந்தான்.

இதில் ஒரு நீதி சொல்லி முடித்துக்கொள்ளலாம்.
மனசு வரவில்லை.
அப்பா ஸ்டான்லியில் கிடந்த பதினாறு நாளும்
அப்படியொரு தடித்த புத்தகம்தான்
வராண்டாவில் என் பக்கத்தில் படுத்திருந்தது.
அதன் கனம் எனக்குத் தெரியும்.
ஆனால் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இருக்கிறது,
கரியும் கந்தகமும் மூக்கில் ஏறுகிற,
யாரும் சாகாத,
யாரும் ஒன்றும் கேட்காத செவ்வாய்க்கிழமை.
அதற்குத் தொண்ணூற்றாறு பக்கம் போதும்.

யோசித்து நின்றதில் ட்ரெய்லர் ஏறியதைப் பார்க்கவில்லை.
பலகையில் என் நாவல்!
நான் போட்ட கூச்சலுக்கு பிரேக் அலறி,
கிளீனர் ஜாபர் குதித்து
டயருக்கு ஒரு சாண் முன்னால் அள்ளினான்.
அட்டையைப் பார்த்தான். பல்லெல்லாம் தெரிந்தது.
"இன்னாக்கா, இத நான் படிச்சிட்டேன்கா. கொன்னது..."
"சொல்லாதடா!"
வாசகர் வட்டம் ஒருநாளும் கேட்டிராத குரல் அது.

முப்பத்தொரு டன் நானூற்று இருபது.
சீட்டை வாங்கிக்கொண்டு ஏறினான்.
வண்டி சாலையில் திரும்பும்போது
ஜன்னல் வழியே பாதி உடம்பு வெளியே வந்தது.
"தங்கச்சிக்காரிக்கா! தங்கச்சிதான் கொன்னுக்கினா!"

பாவி.
மீதி பதினெட்டுப் பக்கம்.
இருந்தாலும் கடைசி பஸ்ஸில் படித்தேன்,
சுங்கச்சாவடி ஸ்டாப்பையும் தாண்டிப் போய்.
தங்கச்சி இல்லை.
இந்தக் கதையில் தங்கச்சியே இல்லை.
அவன் படித்தது போன மாதத்து நாவல்.
அதற்கும் அட்டையில்
இதே சிவப்புச் சேலை.